ம்யூனிக்கிலிருந்து பூவரசன்

"பூவரசன் உயிரோட இருக்காரா?"

வாசலில் நின்றபடியே கேட்டாள் இன்ஸ்பெக்டர் மெஹ்ஜபீன்.

பானுமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னங்க மேடம் இப்படிக் கேக்கறீங்க... என் வூட்டுக்காரர் ஜெர்மனியில, ம்யூனிக்ல இருக்காருங்க!"

"அவரு அண்ணன் மாதவராஜ் புகார் குடுத்திருக்காரு. மூணு மாசமா தம்பி போனையே எடுக்கலையாம்."

"எனக்கு மெசேஜ் வருதுங்களே... தெனமும் வருது!"

மெஹ்ஜபீன் உள்ளே வந்தாள். பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகும் வண்டிகளின் இரைச்சல். அது ஓய்ந்தால் அந்த வீட்டில் வேறு சத்தமில்லை. நான்கு நாற்காலிகள். ஒன்றில் மட்டும்தான் தூசி இல்லை.

"என்ன வேலை அவருக்கு?"

"சிப் டிசைன் இன்ஜினியருங்க. ப்ளூ கார்டுல போயிருக்காரு. பெரிய படிப்பு படிச்சவங்களுக்குத் தர்ற ஒர்க் பர்மிட்டு."

"உங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே?"

"ரெண்டு வருஷம் ஆகணுமாம். சட்டமாம். இதோ, அவரே போட்டிருக்காரு பாருங்க."

செல்போனை நீட்டினாள். அதைப் படித்த மெஹ்ஜபீனின் புருவம் உயர்ந்தது.

"எங்கண்ணன் ஜாவீத்தும் ப்ளூ கார்டுலதான் போனான். அண்ணியும் அதே பிளைட்டு! போன கையோட அவங்களுக்கும் வேலை. ப்ளூ கார்டுக்காரர் சம்சாரம் காத்திருக்கவே வேணாம்மா. பாஷைப் பரீட்சைகூடக் கிடையாது. அங்கேயே இருக்கற மனுசனுக்கு இது தெரியாதா?"



"தெ... தெரியலைங்க..."

மெஹ்ஜபீன் தன் போனை எடுத்தாள். பூவரசனின் எண்ணை அழுத்தினாள்.

டர்ர்ர்ர்ர்!

சமையலறையில் ராகி மாவு டப்பா அதிர்ந்தது!

மாவு அப்பிய போனை வெளியே எடுத்தாள் மெஹ்ஜபீன்.

"ம்யூனிக் இவ்வளவு கிட்டத்துலயா இருக்கு?"

பானுமதி சுவரோடு சரிந்தாள்.

"எங்கம்மா அவரு?"

"கொல்லையில... பாழுங் கெணத்துலங்க."

"ஏன்?"

"கெளம்பற அன்னிக்கு நானும் வர்றேன்னு பெட்டியப் புடிச்சேன். ரெண்டு வருஷம் ஆகும், சட்டம்னாரு. புடுங்கினாரு. நானும் தள்ளிவுட்டேன். படியில மண்டை..."

நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம்... அந்தச் சட்டம் பொய்யா?"

மெஹ்ஜபீன் பானுமதியின் செல்போனில் மெசேஜ்களை மேலே தள்ளிக்கொண்டே போனாள். அவை முடிவதாக இல்லை.

'தலைவலி எப்படி இருக்கு?'

'மழையில நனையாத.'

'சாப்டியா?'

"ஊரை ஏமாத்த நீங்களே வாரம் ஒரு மெசேஜ் போட்டுக்கிட்டா போதுமேம்மா! இவ்வளவு எதுக்கு?"

பானுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கட்டிக்கிட்ட நாள்லருந்து சாப்டியான்னு ஒரு வார்த்தை கேட்டதில்லைங்க மேடம்... செத்தப்பறம்தான் மனுசன் திருந்தினாரு!"