ஞாயிறு பத்து மணி, கோமளா வீடு

"ஏனுங்க... காலை எடுங்க... அது என்ற கைங்க..."

மேசைக்கு அடியிலிருந்து வந்த குரலில் கோமளா துள்ளி எழுந்தாள். வயரோடு ஒருவன் ஊர்ந்து வெளியே வந்தான். மிதிபட்ட விரலை உதறிக்கொண்டே நிமிர்ந்தவன், அவள் கண்களைப் பார்த்ததும் உதறுவதை மறந்தான். ஐப்பசி வானம் போலக் கறுத்த, பெரிய கண்கள்...

"அடியில ஆள் இருக்குதுன்னு சொல்ல மாட்டீங்களா?"

"சொல்றதுக்குள்ள மிதிச்சுப்போட்டீங்க."

கோவை ஆர்.எஸ்.புரத்தில் கோமளா வேலை பார்த்த அந்தப் பம்ப்செட் ஆபீசின் நான்கு கம்ப்யூட்டர்களையும் இணைக்க வந்தவன் ரவிதேஜா. இனி ஒருவர் குறித்து வைக்கும் போன் நம்பரும் காலண்டர் குறிப்பும் எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் தெரியும் என்றான்.

"சொந்த விசயங்கூடவா?"

"உங்களோடதைப் பூட்டிட்டேனுங்க."

அவளையே பார்த்துக்கொண்டு செய்த வேலை... பூட்டவே இல்லை. அது தெரியாமல் கோமளா குறித்து வைத்தாள்: 'ஞாயிறு பத்து மணி. எங்கள் வீடு. விருந்தினர் வருகை.'

சனிக்கிழமை அவள் லீவு. நான்கு கம்ப்யூட்டர்களும் ஒன்றாக மணியடித்து அதை நினைவூட்டின.

"பாரு, கோமளா அம்மணி நம்மளையெல்லாம் கூப்பிட்டிருக்குது," என்று நெகிழ்ந்துபோனார் முதலாளி வரதராஜுலு.

ஞாயிறன்று மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கையில், முதலாளி இனிப்புப் பெட்டியோடும், கணக்கர் பாலுசாமி குடும்பத்தோடும் வந்து இறங்கினார்கள். காலண்டரைப் பூட்டாதது தெரிந்து தடுக்க ஓடிவந்த ரவிதேஜா, மழையில் நனைந்தபடி வாசலில் நின்றான். அதற்குள் பஜ்ஜி தீர்ந்திருந்தது.

"இந்தப் புள்ள இல்லீன்னா எங்க ஆபீசே ஓடாதுங்க," என்றார் முதலாளி, பெருமையாக.

மாப்பிள்ளையின் அப்பா முகம் சுளித்தார். "கல்யாணம் ஆனா வேலைய உட்டுரோணுமுங்க."

"உட மாட்டேனுங்க," என்றாள் கோமளா.

காபியைத் தொடாமலே அவர்கள் கிளம்பினார்கள். அம்மா அழுதாள். ரவிதேஜா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்... கதவு சாத்தப்பட்டது.

அடுத்த வாரம் முழுக்க, கம்ப்யூட்டர்களைச் சரிபார்க்க அவன் ஆபீசுக்கு வந்தால் அவள் எழுந்து போய்விடுவாள். வெள்ளிக்கிழமை மாலை மழை இருவரையும் ஆபீஸ் வாசலிலேயே பிடித்து நிறுத்தியது.

"மன்னிச்சுக்கோங்க," என்றான்.

"காலண்டருக்குத்தானே? அதை அப்பவே மன்னிச்சுட்டேனுங்க."

"அதுக்கில்லீங்க... அவங்க எந்திரிச்சுப் போனப்ப, எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க. அதுக்கு."

கோமளா மழையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காது மட்டும் சிவந்தது.

"எனக்கும்..." என்றாள், தூறலைவிட மெதுவாக. "உங்க அம்மாவைக் கூட்டிட்டு எங்க ஊட்டுக்கு வாங்க. ஆனா, நான் வேலைக்குப் போவேனுங்க."

"போங்க... நானே வண்டியில கொண்டாந்து உடறேனுங்க."