நாணல்திட்டின் மயிலை

"வர்ற ஆளுங்க எல்லாரையும் ஏத்தியாச்சு. இனிமே ஒரு படகும் ஆத்துல இறங்கக் கூடாது!"

கொள்ளிடக் கரையில் நின்று அதிகாரி ஒலிபெருக்கியில் முழங்கியபோது, கால்நடை மருத்துவர் தில்ஷாத் படகுக்குள் ஒரு காலை வைத்திருந்தாள். அவரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு காலையும் எடுத்து வைத்தாள்.

"மாடுங்களை ஏத்தலையே சார்?"

"மாடுதானேம்மா! அணையில இன்னும் தண்ணி திறந்திருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள அந்த நாணல்திட்டே முங்கிடும்."

"தையல்நாயகின்னு ஒரு அக்காவும் அங்கதான் இருக்காங்க."

"ரெண்டு தடவை படகு அனுப்பினேன். மாட்டுக் கூட்டத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்குது அந்தம்மா. நான் என்ன பண்ண?"

"மாடு வந்தா அவங்களும் வருவாங்க. சாயங்காலத்துக்கு முன்னாடி கூட்டிட்டு வர்றோம். கலியமூர்த்தி அண்ணே, எடுங்க!"

மாடுதானே! அந்த ஒரு சொல்லைக் கேட்டால் தில்ஷாத்துக்கு உச்சந்தலை வரை எரியும். புயல், வெள்ளம் என்று எங்கே கேள்விப்பட்டாலும் காலணா வாங்காமல் மருந்துப்பெட்டியோடு ஓடுகிற கூட்டம் அவளுடையது. போன இடமெல்லாம் இதே பாட்டுதான்.

மீனவர் கலியமூர்த்தி மோட்டாரை உசுப்பினார். தில்ஷாத்தோடு படித்த ஜோயல், நீச்சல் தெரியாத ஆறடி உயரக்காரன், பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

"டேய், கண்ணைத் தொறடா. நாமதான் காப்பாத்தப் போறோம்!"

"நீ காப்பாத்து. நான் கூட வர்றேன்."

ஆறு செம்மண் நிறத்தில் புரண்டது. வேரோடு வந்த வாழைகள் படகை இடித்தன. நடு ஆற்றில், முங்கிக் கிடந்த மோட்டார் கொட்டகையின் தூண் அடிப்பக்கம் உரச, படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. "பிடிங்க!" என்று கலியமூர்த்தி கத்துவதற்குள் பெரிய பெட்டி தண்ணீரில் விழுந்து, ஒரு முறை மேலே வந்து, போயே போய்விட்டது! ஜோயல் கையில் மிஞ்சியது ஒரு சின்னப் பை. உள்ளே எண்ணெய் பாட்டிலும் சோடா உப்பும்தான்.

"திரும்பிடலாமா டாக்டரம்மா?" என்றார் கலியமூர்த்தி.

"கை இருக்கே அண்ணே. போங்க!"

நாணல்திட்டில் மேடான இடம் ஒன்றுதான் மிச்சம். அதில் ஊர் மாடுகள் அத்தனையும் ஒட்டி நின்றன. முன்னால் கையில் கம்போடு தையல்நாயகி. உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. குரல் மட்டும் குறையவில்லை.

"மாடு இல்லாம வர மாட்டேன். இழுத்துட்டுப் போகலாம்னு பாத்தீங்க, ஆத்துல குதிச்சிடுவேன்!"

"யாரு இழுக்க வந்தா? நான் மாட்டு டாக்டர்க்கா."

கம்பு கீழே விழுந்தது. தையல்நாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

மேட்டின் உச்சியில் சாம்பல் நிறப் பசு ஒன்று படுத்திருந்தது. இடப்பக்க வயிறு பானையாய் உப்பி, நாக்கு வெளியே தள்ளி, மூச்சுக்குத் திணறியது.

"இவ பேரு மயிலைங்க. காலையிலேருந்து இப்படித்தான்."

"என்னக்கா குடுத்தீங்க?"

"வைக்கப்போரு தண்ணியோட போயிடுச்சு. பசியில கத்துதுங்க, கேக்க முடியல. பரண்ல ஒரு மூட்டை அரிசி இருந்துச்சு. அள்ளி வெச்சேன். இவதான் எல்லாத்தையும் முட்டித் தள்ளிட்டு தின்னா."

"நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"அதுங்க பட்டினி கெடக்கையில எனக்கு எப்படி எறங்கும்?"

தில்ஷாத்துக்குத் திட்ட வாய் வரவில்லை. தன் பங்குச் சோற்றையே கொடுத்தவளை என்னவென்று திட்டுவது? ஆனால் காய்ந்த வயிற்றில் அரிசி விழுந்தால் மாட்டுக்கு அது விஷம். புளித்துப் பொங்கி, காற்று அடைத்து, மூச்சையே நிறுத்திவிடும்.

"மத்ததை ஓட்டிக்கிட்டு கெளம்பிடலாமே? தண்ணி ஏறுது!" என்று கலியமூர்த்தி கீழிருந்து கத்தினார்.

"மயிலை எறங்காம ஒரு கன்னுக்குட்டிகூட தண்ணியில எறங்காதுங்க," என்றாள் தையல்நாயகி.

ஆக, மயிலை செத்தால் எல்லாம் செத்தது. இவளும் வரமாட்டாள்!

"குழாய் வேணும். வாய் வழியா வயித்துக்கு விடணும். நம்ம குழாய் ஆத்தோட போச்சு. அக்கா, உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

"முல்லைச் செடிக்குத் தண்ணி விடுற பச்சைக் குழாய் கெடக்கு!"

அதை வெட்டி, முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கி, எண்ணெய் தடவினாள். கலியமூர்த்தியும் மேலே ஏறி வர, நால்வரும் சேர்ந்து மயிலையைத் தூக்கி, முன்கால் மேட்டுப் பக்கம் இருக்கும்படி நிறுத்தினார்கள். ஜோயல் மூங்கில் துண்டைப் பல்லுக்கு இடையில் வைத்துப் பிடித்தான். குழாய் மெல்ல மெல்ல இறங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. இழுத்து, மறுபடி விட்டாள்.

புஸ்ஸ்ஸ்!

புளித்த காற்று நேராக ஜோயல் முகத்தில் அடித்தது. "அம்மாடி!" என்று அலறினானே தவிர, மூங்கிலை விடவில்லை பயல். வயிறு கண்ணெதிரே இறங்கியது. அதே குழாயில் சோடா உப்புத் தண்ணீரையும் மீதி எண்ணெயையும் ஊற்றினாள் தில்ஷாத்.

"பொழைச்சிடுச்சா?"

"அசை போடணும்க்கா. அசை போட்டாத்தான் பொழைச்சதுன்னு சொல்லுவேன்."

அதற்குள் தண்ணீர் கணுக்காலைத் தொட்டுவிட்டது. கன்றுகளைப் படகில் ஏற்றினார்கள். மயிலையைத் தண்ணீரில் இறக்கி, தலையைப் படகு விளிம்போடு சேர்த்துக் கட்டி, தாடையைத் தில்ஷாத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். தையல்நாயகி பின்னால் திரும்பி, "ஹேய்... வா, வா, வா!" என்று குரல் கொடுத்தாள். முதலில் ஒரு கிடாரி இறங்கியது. பிறகு இரண்டு. பிறகு மொத்தக் கூட்டமும்!

நடு ஆற்றில் சுழல் இழுத்தது. கயிறு நழுவி மயிலையின் தலை முங்கியது. யோசிக்கவே இல்லை ஜோயல். பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு இரண்டு கொம்பையும் பற்றினான். கலியமூர்த்தி அவன் இடுப்பைக் காலால் அணைத்துக்கொண்டே படகைத் திருப்பினார். "விட்டுடாத தம்பி!"

"விட மாட்டேன்!"

கரையில் முகாமே கூடிவிட்டது. மாடுகள் சொட்டச் சொட்ட ஏறியதும், பரிதாபப்பட்டவர்கள் சாம்பார் சோற்று அண்டாவையே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தையல்நாயகி குறுக்கே பாய்ந்தாள்.

"ஒரு பருக்கை போட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்! வைக்கலு எங்க? எங்களுக்கு பொட்டலம் கட்டத் தெரியுது, இதுங்களுக்கு ஒரு கட்டு வைக்கலு கட்டத் தெரியலையா?"

சொன்னவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். தில்ஷாத் ஒரு தட்டுச் சோற்றை அவள் மடியில் வைத்தாள். "இது மாட்டுக்குத்தான் ஆகாது. நீங்க சாப்பிடுங்க."

"மயிலை அசை போடட்டும்," என்று தட்டைத் தள்ளினாள் அவள்.

அதிகாரி வேகமாக வந்தார். "தடையை மீறியிருக்கீங்க. நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்."

"எடுங்க சார். அடுத்த வெள்ளத்துக்கும் மீறுவேன். இப்ப வைக்கோல் வேணும்."

அவர் அவளை முறைத்தார். தையல்நாயகியைப் பார்த்தார். தொடாத தட்டைப் பார்த்தார். வைக்கோலுக்கு ஜீப்பை அனுப்பினார்.

வைக்கோல் வந்தது. மற்ற மாடுகள் தின்றன. மயிலை மோந்துகூடப் பார்க்கவில்லை. மழை பிடித்தது. ஒருவரும் நகரவில்லை. மயிலைக்கு மேலே யாரோ குடை பிடித்தார்கள். நேரம் போகப் போக, தில்ஷாத்துக்கே உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. அவள் குனிந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது.

"அசை போடுது! ஏம்மா, தட்டை எடு! மயிலை அசை போடுது!"

குடையைப் பிடித்திருந்த அதிகாரிதான், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.