பூனைக் கதைக்கு ஒரு வட்டம்

ராஜேஷ்குமார் அண்ணன் ஓட்டும் பள்ளி வேன் அன்றும் வீணாவையும் தம்பி யுவனையும் விட்டுவிட்டுப் போய்விட்டது. அந்த வாரத்தில் இது முதல் தடவை அல்ல.

அப்பா பாலகுமார் இருவரையும் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடினார். அதனால் அவருடைய கம்பெனி பஸ்ஸும் போய்விட்டது.

"இனிமே இது சரிப்படாது. நாளையிலிருந்து நம்ம வீடும் ஃபேக்டரி மாதிரி நடக்கும்," என்றார் அன்று மாலை.

அப்பாவுக்கு ஒயிட்ஃபீல்டு பக்கம் மிக்ஸி செய்யும் தொழிற்சாலையில் வேலை. எந்த ஆள் எங்கே நின்று எதைப் பொருத்த வேண்டும் என்று திட்டம் போடுவது அவர்தான். ஒரு முனையில் மோட்டாரும் திருகாணியுமாக உள்ளே போனால், மறுமுனையில் முழு மிக்ஸியாகப் பெட்டிக்குள் உட்கார்ந்து வெளியே வர வேண்டும். நடுவில் எங்கேயும் தேங்கக் கூடாது.

தொம்மலூரில் அவர்கள் குடியிருந்த வீட்டின் சமையலறை பெரிது ஒன்றும் இல்லை. ஆனாலும் அப்பா சாக்பீஸை எடுத்துத் தரையில் வட்டம் வட்டமாகப் போட்டார்.

"இது தோசை ஸ்டேஷன். இது சட்னி ஸ்டேஷன். இது டிபன் பாக்ஸ் மூடுற ஸ்டேஷன்."

"ரயில் எப்பப்பா வரும்?" என்று கேட்டான் இரண்டாம் வகுப்பு யுவன்.

"ரயில் வராதுடா. வேலை நடக்கிற இடத்துக்குப் பேரு ஸ்டேஷன். நீ இங்க நின்னு மூடியை மூடணும்."

யுவன் அந்த வேலையை உயிராக எடுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் காலி டப்பாவைக்கூட விடாமல் மூடிவிட்டான். அம்மா தமயந்தி சிரித்துக்கொண்டே மறுபடி திறந்து தோசையை வைத்தாள்.

வட்டங்களால் கொஞ்சம் பலன் இருந்தது. ஆனால் போதவில்லை. வெளியே வேன் ஹாரன் அலறியபோது வீணா ஒரு காலில் ஷூவோடும் ஒரு காலில் சாக்ஸோடும் ஓடினாள்.

"ஏன் வீணாம்மா, இன்னிக்கும் லேட்டா? பேக பேக! சீக்கிரம் ஏறு!" என்று கன்னடமும் தமிழும் கலந்து விரட்டினார் ராஜேஷ்குமார் அண்ணன்.

அன்று மாலை அப்பா மோவாயைத் தடவியபடி வெகுநேரம் யோசித்தார். அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

"எங்க நேரம் போகுதுன்னு கண்டுபிடிச்சுட்டேன். உன் ரெட்டைப் பின்னல்! முடியைக் குட்டையா வெட்டிட்டா, ஒரு ஸ்டேஷனே மிச்சம். ஞாயித்துக்கிழமை பார்லருக்குப் போயிடலாம், கண்ணு."

வீணா இரண்டு பின்னலையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முடிக்காக அல்ல. போன வருஷம் அவளே தன் தோழி சிந்து மாதிரி முடியை வெட்டிக்கொள்ளக் கேட்டவள்தான். அவளுக்குக் கவலை வேறு. அம்மா ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். வீணா பள்ளியிலிருந்து வரும்போது அம்மா கடைக்குப் போயிருப்பாள். அம்மா திரும்பி வரும்போது வீணா தூங்கியிருப்பாள். சீப்பு முதல் சிக்கை இழுப்பதிலிருந்து ரிப்பனில் முடிச்சு விழும்வரைதான் அவளுக்கு அம்மா கிடைப்பாள்.

அந்த நேரத்தில்தான் அம்மா கடைப் பூனையின் கதையைச் சொல்வாள். அதற்கு மேனேஜர் என்று பெயர். பில் போடும் மேசையில் ஏறி உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் முறைத்துப் பார்க்குமாம். இரண்டு நாளாக அந்த மேனேஜரைக் காணோம். எங்கே போனது என்று வீணாவுக்கு ஒரே கவலை.

"முடியை வெட்டிட்டா பூனைக் கதை என்னப்பா ஆகும்?"

"எந்தப் பூனை?" என்றார் அப்பா. அவர் கண் கைப்பேசியில் இருந்தது.

மறுநாள் காலையில் செய்தியைக் கேட்டதும், பின்னிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. "வேன் தினமும் போயிடுதே... சரிங்க, வெட்டிடலாம்," என்றாள். குரல் மட்டும் இறங்கியிருந்தது. அன்று அவள் பூனையைப் பற்றி எதுவும் பேசவில்லை.

அன்று இரவு அப்பாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு வீணா கேட்டாள்.

"உங்க ஃபேக்டரில கோளாறு எங்க இருக்குன்னு எப்படிப்பா கண்டுபிடிப்பீங்க?"

அப்பாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வேலையைப் பற்றிக் கேட்டால் அவருக்குச் சோறே வேண்டாம். "ரொம்ப சுலபம்டா. எந்த ஸ்டேஷனுக்கு முன்னாடி சாமான் குவியுதோ, அங்கதான் கோளாறு."

சனிக்கிழமையும் பள்ளி உண்டு. வீணா சீக்கிரமே எழுந்து எங்கே என்ன குவிகிறது என்று பார்த்தாள். தோசை வட்டத்துக்கு முன்னால் எதுவும் இல்லை. பின்னல் போடும் முக்காலிக்கு முன்னால் ஓர் ஈகூட இல்லை.

ஆனால் குளியலறை வாசலில்? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யுவன் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தான். நனைக்க வேண்டிய துணியோடு அம்மா காத்திருந்தாள். வீணாவின் துண்டும் கொடியில் சும்மா தொங்கியது.

உள்ளே இருந்தவர் அப்பா. கதவுக்குப் பின்னாலிருந்து 'டிங்', 'டிங்' என்று கைப்பேசிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

வீணாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய்ச் சாக்பீஸை எடுத்து வந்தாள். குளியலறை வாசலில் மூன்று வட்டங்கள் போட்டு, ஒன்றில் யுவனையும் ஒன்றில் அம்மாவையும் நிறுத்தி, மூன்றாவதில் தான் நின்றுகொண்டாள்.

கதவு திறந்தது. கையில் கைப்பேசியோடு அப்பா திகைத்து நின்றார்.

"இது என்ன?"

"குவியல், அப்பா," என்றாள் வீணா.

"நான்தான் முதல் மிக்ஸி. வழி விடுங்கப்பா, அவசரம்!" என்று கத்திக்கொண்டு யுவன் உள்ளே பாய்ந்தான்.

அப்பா வட்டங்களைப் பார்த்தார். கைப்பேசியைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"அப்போ கோளாறு நானா?" என்றார் அப்பா பாவமாக.

வீணா ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "நீங்க இல்லப்பா, வரிசைதான். காலையில உங்க ஃபேக்டரி ஆளுங்க மெசேஜ் அனுப்புவாங்கன்னு எனக்குத் தெரியும். உங்க பஸ் எங்க வேனுக்கு அப்புறம்தானே வருது? நாங்க முதல்ல குளிச்சிடுறோம். நீங்க கடைசியா போய் எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க."

"இது ஃபேக்டரில தெரிஞ்சா என் மானம் போயிடும்," என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, "அப்போ பார்லர்?" என்று கேட்டார்.

"வேண்டாம்ப்பா. அம்மாகிட்ட நான் பேசுறது பின்னல் போடும்போது மட்டும்தான்."

அப்பா கைப்பேசியை அலமாரியில் வைத்தார். அவருக்கு இது தோன்றவே இல்லை. வீணாவின் கலைந்த தலையைக் கோதிவிட்டு, "வேண்டாம் கண்ணு. முடி வளரட்டும்," என்றார்.

திங்கட்கிழமை புது வரிசை தொடங்கியது. யுவன் முதலில் குளித்தான், அடுத்து வீணா. தோசை வட்டத்தில் அப்பா நின்றார். அவர் சுட்ட தோசைகளில் ஒன்றுகூட வட்டமாக இல்லை. யுவன் அவற்றை மடக்கிப் போட்டு டப்பாவை மூடினான்.

வேன் வர இன்னும் நேரம் இருந்தது. பையும் ஷூவும் மாட்டிக்கொண்டு வீணா முக்காலியில் உட்கார்ந்தாள். அம்மா சீப்பை எடுத்தாள்.

அப்பா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். முக்காலிக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இது என்ன ஸ்டேஷனுங்க?" என்று கேட்டாள் அம்மா.

"கதை கேக்குற ஸ்டேஷன். சொல்லு தமயந்தி, அந்தப் பூனை என்ன ஆச்சு?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. "நேத்து ராத்திரி கடை மூடுற நேரம். பஞ்சு அட்டைப்பெட்டிக்குள்ள இருந்து 'மியாவ்'னு ஒரு சத்தம். எட்டிப் பாத்தா நம்ம மேனேஜர்! ஆனா சத்தம் போட்டது அது இல்ல. அதோட வயித்துக்குக் கீழ..."

வெளியே ஹாரன் அடித்தது.

அப்பா துள்ளி எழுந்து ஜன்னலுக்கு ஓடினார். "ராஜேஷ், ஒரே ஒரு நிமிஷம் இருப்பா! பூனைக் கதை இன்னும் முடியல!"