மூன்றாவது தொட்டியில் ஒரு பிணம்!

"ஐயோ...!"

அலறியது யார் தெரியுமா? பெரிய பெரிய ரவுடிகளையே அலற வைத்த க்ரைம் பிராஞ்ச் இன்ஸ்பெக்டர்!

பால்கனியில் மூன்று தொட்டிகள். இரண்டு இளஞ்செடிகள் நிழலில் நிமிர்ந்து நின்றன. மூன்றாவது... உச்சி வெயிலில், இலையெல்லாம் துவண்டு, தலை தொங்கி...

பிணம்!

புருக்மான்சியா. ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். எக்காளம் போல நீளமான பூ தலைகீழாகத் தொங்கும். பார்க்க அழகு, உடம்பெல்லாம் விஷம். குச்சியாக நட்டு, வேர் பிடிக்க வைத்து, பிள்ளை மாதிரி வளர்த்தவர் அவர் மனைவி. தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"காலையில தண்ணி. வெயில் ஏறினா நிழலுக்குத் தள்ளி வைங்க. தொட்டா கையுறை. நான் வர்ற வரைக்கும் மூணும் உயிரோட இருந்தா... உங்க நாயைப் பத்தி யோசிக்கலாம்."

நாய்! எத்தனையோ கேஸில் அவருக்காக மோப்பம் பிடித்த போலீஸ் பெண் நாய். வயதாகி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவர் கேட்காவிட்டால் நாளை யாரோ முன்பின் தெரியாதவர் கூட்டிப் போய்விடுவார்.

போன் அலறியது. மனைவி!

"என்னங்க, ரயிலை விட்டு இறங்கிட்டேன். மூணு பேரும் எப்படி இருக்காங்க?"

"சூ... சூப்பரா இருக்காங்கம்மா!"

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"புரையேறிடுச்சு!"

"சரி, வழியில ஒரு வேலை இருக்கு. சாயங்காலம் வந்துடறேன்."

அடுத்த நிமிடம் ஏட்டுக்கு அவசர அழைப்பு பறந்தது. மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்ன கேஸ் சார்?"

"கொலை."

"செத்தது யாரு?"

இன்ஸ்பெக்டர் தொட்டியைக் காட்டினார். ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா வளர்த்ததா? அப்ப இது ரெட்டைக் கொலை சார். அடுத்தது நீங்க!"

"வாயை மூடுய்யா! நர்சரிக்கு ஓடு. இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வா."

"போஸ்ட்மார்ட்டம் பண்ண வேணாமா சார்?"

"நேரமில்ல!"

சம்பவ இடத்தில் யாராவது ஒரு துரும்பைத் தொட்டால்கூட வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பவர், வெறுங்கையால் செடியை வேரோடு பிடுங்கினார். ஒரு இலை ஒடிந்து சாறு கசிந்தது. வியர்வை கண்ணில் இறங்க, அதே கையால் கசக்கிக்கொண்டார்.

'பாடி' பாத்ரூம் பக்கெட்டுக்குப் போனது. அடியில் கொஞ்சம் தண்ணீர். மேலே ஒரு துண்டு.

பொழுது சாய, மனைவி வந்தார். பால்கனியை எட்டிப் பார்த்தார். தொட்டியில் ஏட்டு வாங்கி வந்த புதுச் செடி, ஒன்றும் தெரியாத பிள்ளை போல நின்றது.

"பரவாயில்லையே! மூணும் ஜம்முனு இருக்கே."

இன்ஸ்பெக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப நாய்...?"

"இருங்க. இப்படித் திரும்புங்க."

மனைவிக்கு வேலை கண் ஆஸ்பத்திரியில். நர்ஸ்!

"வலது கண்ணு பாப்பா மட்டும் ஏன் இவ்வளவு விரிஞ்சிருக்கு?"

"உன்னைப் பார்த்த சந்தோஷம்!"

"ஒரு கண்ணுல மட்டுமா?"

இன்ஸ்பெக்டர் அவசரமாக வலது கண்ணை மூடிக்கொண்டார்.

"தினம் சொட்டு மருந்து விட்டு நான் விரிய வைக்கிற கண்ணு. இந்தச் செடியோட சாறு பட்டாலும் இப்படித்தான் விரியும். கையுறை இல்லாம எதை ஒடிச்சீங்க?"

ஓரமாக நின்றிருந்த ஏட்டு கையைத் தூக்கினார். "அம்மா, நான் அப்ரூவர்! பாடி பாத்ரூம்ல இருக்கு!"

"துரோகி!"

மனைவி விறுவிறுவென்று போய்த் துண்டை விலக்க...

"ஐயோ...!" மறுபடியும் இன்ஸ்பெக்டர்தான்.

பக்கெட்டுக்குள் பிணம் எழுந்து நின்றுகொண்டிருந்தது! இலையெல்லாம் பச்சைப் பசேலென்று...!

"செத்திருந்ததும்மா! சத்தியமா!"

"சாகல. வெயில்ல தலையைத் தொங்கப் போடும், பொழுது சாய்ஞ்சா எழுந்துக்கும். இதுங்க வழக்கமே அதுதான். மண்ணு ஈரமா இருந்துச்சான்னு தொட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல..."

"கொலை முயற்சி. தடயத்தை வேற மறைச்சிருக்காரு," என்றார் ஏட்டு, உதவியாக.

இன்ஸ்பெக்டர் தலை குனிந்தார்.

"நாய் வளர்க்க நான் லாயக்கில்லம்மா. அவளை வேற யாராவது நல்லவங்க கூட்டிட்டுப் போகட்டும்."

குரல் உடைந்தே விட்டது. ஏட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவி வாசல் கதவைத் திறந்து, மாடிப்படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வாட்ச்மேன்! அவளை மேல அனுப்புங்க!"

நகங்கள் தரையில் டக்... டக்... டக்...!

வயதான மோப்ப நாய் நிதானமாக உள்ளே வந்தது. பக்கெட்டை மோந்தது. ஏட்டை மோந்தது. நேராகப் போய் இன்ஸ்பெக்டர் முன்னால் பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்து, ஒரே ஒரு குரைப்பு!

குற்றவாளியை அடையாளம் காட்டியாயிற்று!

"வழியில வேலைன்னியே... இதுதானா?" இன்ஸ்பெக்டரின் கண்கள் நிறைந்துவிட்டன, விரிந்தது, விரியாதது இரண்டும். நாயைக் கட்டிக்கொள்ளப் பாய்ந்தார்.

"முதல்ல கையைக் கழுவுங்க! தொட்டிங்களையும் அவ வாய்க்கு எட்டாம உசரத்துல மாட்டணும்."

"ஆனா... செடி தேறினாத்தானே நாய்னு சொன்ன?"

மனைவி கையுறையை மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"உங்களை நம்பி நாயை விட முடியாதுங்க. நாயை நம்பி உங்களை விட்டுட்டுப் போகலாம்!"