ஹல்லா மோவாய் வைத்த இடம்

அந்தச் சத்தம் ஓவுலு ரயில் நிலையத்திலேயே தொடங்கிவிட்டதா, வண்டி கிளம்பிய பிறகுதான் கேட்டதா என்று இல்போவால் இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த டிசம்பரில் அவருக்கு எதுவும் நினைவில் நிற்கவில்லை. காபி குடித்தாயிற்றா என்பதையே கோப்பையைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஆனால் சத்தம் கேட்டது. இருக்கைக்கு அடியில், தரைக்கும் கீழே எங்கோ, யாரோ நகத்தால் மெல்லப் பிறாண்டுவது போல. கூட வந்த நாயாக இருக்கும் என்று குனிந்து பார்த்தார். ஹல்லாவின் நான்கு கால்களும் அசையாமல் இருந்தன.

நாய்களோடு வருபவர்களுக்கென ஒதுக்கிய பெட்டி அது. ஈர ரோமத்தின் நாற்றமும் காபி மணமும் சூடேற்றிய காற்றில் கலந்து கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே காலை பத்து மணிக்கும் விடியாத நீல நிறம். ஏறியவர்கள் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பாராமல் கோட்டைக் கழற்றினார்கள்.

பழக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரு நாய்க்கும் சீட்டு எடுத்திருந்தார் இல்போ. இருபத்தாறு வருடமாக எங்கே போனாலும் இருவராகத்தான். பொத்தானை அழுத்திய பிறகுதான், மனைவி மார்கெத்தா ஏரியில் மூழ்கி ஐந்து வாரம் ஆகிறது என்பது உறைத்தது. உடல் இன்னும் கிடைக்கவில்லை. கூடுதல் சீட்டை ரத்து செய்யத் தோன்றவில்லை. வேறு எதுவும்கூடத் தோன்றவில்லை.

ரோவனியெமியில் இருக்கும் கொழுந்தியாள் சிர்பாவிடம் நாயை விட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் வேலை. வீட்டில் ஹல்லா மார்கெத்தாவின் நாற்காலிக்கு எதிரே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது. அது போய்விட்டால் வீடு காலியாகிவிடும் என்று நம்பினார். முழுக்கக் காலி. அவருக்கு அதுதான் வேண்டும்.

சீட்டுப் பரிசோதகர் ஓர் இளம்பெண். செல்பேசியைப் பார்த்தாள், இரண்டு இருக்கைகளையும் பார்த்தாள். ரெண்டு பேர், ஒரு நாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். சரியாகக் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று இல்போ நினைத்தார்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர், குட்டைக்கால் நாயோடு. அந்த நாய் இருக்கைக்கு அடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது.

"வாடா தடியா. வீட்டுல தபால்காரனப் பாத்தா புலி, இங்க எலியா நீ?"

நாய் நடுங்கிக்கொண்டே இருந்தது. கிழவர் நிமிர்ந்தார். இல்போவின் பக்கத்து இருக்கையை ஒரு கணம் பார்த்துவிட்டு, மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கெமி நிலையம் வருவதற்குச் சற்று முன் ஹல்லா எழுந்தது. காலி இருக்கையருகே போய் நின்று, மோவாயைத் தாழ்த்தியது. இருக்கையின் மேல் அல்ல. அதற்கு ஒரு சாண் மேலே, ஒருவர் முழங்கால் இருக்கும் உயரத்தில். அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் தலையின் பாரம் முழுவதையும் அதன் மேல் இறக்கிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டது. பிறகு இரு காதுகளுக்கும் நடுவே ரோமம் மெல்ல அமுங்கியது. எழும்பியது. மறுபடி அமுங்கியது. அமுங்கிய இடம் நனைந்திருந்தது.

இல்போ பார்த்துக்கொண்டே இருந்தார். அலறத் தோன்றவில்லை.

கெமியில் ஏறிய ஒரு பெண் எண்களைப் பார்த்தபடி வந்தாள், பக்கத்து இருக்கையைக் கண்டதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு இடம் தேடிப் போனாள். யாரிடம் கேட்டாள் என்று இல்போ யோசிக்காமல் இருக்க முயன்றார்.

தெர்வோலாவில் இறங்க எழுந்த கிழவர் தயங்கி நின்றார். அந்த ஊர்ப்பக்கம் முன்பின் தெரியாதவர் ஒருவர் ரயிலில் வாய் திறந்தாலே ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் தலையிடுற விஷயமில்ல. ஆனா உங்க வீட்டம்மா ஏறுனதுலேர்ந்து சொட்டச் சொட்ட நனைஞ்சு உக்காந்திருக்காங்க. என் கோட்டத் தரட்டுங்களா?"

"வேண்டாங்க," என்றார் இல்போ. "அவளுக்குப் பழகிடுச்சு."

கிழவர் தலையசைத்தார். நாயைத் தூக்கிக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு இறங்கிப் போனார். தரைக்குக் கீழே பிறாண்டல் நிற்கவில்லை.

அந்தச் சத்தம் இல்போவுக்குத் தெரியும். ஏரி உறைந்த முதல் வாரம். பனிமேல் நடப்பவர்கள் மரப்பிடி போட்ட ஆணிகள் இரண்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். உடைந்து விழுந்தால் பனியில் குத்திக் குத்தி மேலேறலாம். சொந்தக் குடிலுக்கு முன்னால் இருக்கும் ஏரிதானே என்று அன்று ஒரு ஜோடியைத்தான் எடுத்துப் போனார்கள். அது அவர் கழுத்தில் இருந்தது. ஹல்லா ஓடிய இடத்தில் பனி உடைந்தது. பிடிக்கப் போன மார்கெத்தாவும் விழுந்தாள். "ஆணியத் தூக்கிப் போடுங்க," என்று ஒரு தடவை சொன்னாள். கத்தவில்லை. நாயின் நீளக் கயிறு அவர் காலடியில் கிடந்தது. அதை இழுத்தார். நாய் வந்தது.

பிறகு பிறாண்டல். பனிக்கு அடியில். அவர் காலுக்கு நேர் கீழே. நகர்ந்தது. திரும்பி வந்தது. கழுத்தில் ஆணிகள். அவர் நின்றார். அது ஓயும்வரை நின்றார்.

ரோவனியெமி நடைமேடையில் சிர்பா நாயைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அத்தான், கடைசியா அக்கா ஏதாவது சொன்னாளா?"

"இல்லம்மா. ஒரு சத்தமும் கேக்கல."

ஹல்லா ஒரே தாவலில் காருக்குள் ஏறியது. ஐந்து வாரத்தில் முதல்முறையாக வாலை ஆட்டியது. யாருக்கும் இடம் விடாமல் பின்னிருக்கை முழுவதும் கால் பரப்பிப் படுத்தது.

அப்போதே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

திரும்பும் வண்டியில் ஒரே சீட்டு எடுத்தார். சாதாரணப் பெட்டி. நாய் இல்லை. வெளியே மூன்று மணிக்கே இருட்டு. வேறொரு பரிசோதகர், நரைத்த மீசைக்காரர், செல்பேசியைப் பார்த்துவிட்டுக் காத்து நின்றார்.

"இந்தம்மாவோட டிக்கெட்?"

இல்போ அங்கேயே இன்னொரு சீட்டு வாங்கினார். மீசைக்காரர் கீழே பார்த்தார்.

"தண்ணி நிக்குது. எந்திரிக்கும்போது ரெண்டு பேரும் பாத்துக் கால வைங்க."

போய்விட்டார்.

பிறாண்டல். வலது காலுக்கு அடியில். காலை நகர்த்தினார். அங்கும் வந்தது. இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார். நின்றது.

பக்கத்தில் ஏதோ அசைந்தது.

ஈரம். குளிர். அவர் உச்சந்தலையில் மெல்ல அமுங்கியது. எழும்பியது. மறுபடி அமுங்கியது. தோலில் பட்டது விரல்நுனிகளின் சதை மட்டும்தான்.

ஹல்லா சிர்பாவிடம் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் பருத்துவிட்டது. மே மாதம் பனி உருகியபோது மார்கெத்தா கிடைத்தாள். பத்து விரல்களிலும் நகம் இல்லை. இல்போ எங்கே போனாலும் இரண்டு சீட்டு வாங்குகிறார். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.