றம்லத் ஒளித்து வைத்த சாக்கு

அழுக்கு என்று யாராவது சொன்னாலே போதும், றம்லத்தின் மூக்கு சுருங்கிவிடும். போயும் போயும் அவளிடமா பழைய டின் சேர்க்கும் பொறுப்பைக் கொடுப்பது? கொடுத்துவிட்டாரே றீற்றா டீச்சர்!

"எறிஞ்சா அது குப்பை. உருக்கினா புதுச் சாமான்," என்றார் டீச்சர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளையள், வீட்டில கிடக்கிற வெறும் டின்னுகளைக் கழுவிக் கொண்டு வாங்கோ. றம்லத் ஒரு சாக்கில சேர்த்து வீட்டில வச்சிருப்பா. வெள்ளிக்கிழமை லொறி வந்து ஏத்தும்."

"குப்பை பொறுக்கத்தான் நம்ம பேச்சி இருக்காளே!" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

வகுப்பே சிரித்தது. கண்டி நகரின் மஹய்யாவப் பகுதியிலிருந்து வரும் பேச்சியம்மாவின் அப்பா, மாநகரசபைக் குப்பை லொறியில் வேலை செய்தார். பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். றம்லத்தும் சேர்ந்து சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, டின் நிறைந்த உரச் சாக்கை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு றம்லத் பள்ளிக்கூடம் வந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் வகுப்புப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். 'ஐயோ, இந்தக் கோலத்தில் கண்டால் கேலி செய்தே கொன்றுவிடுவார்களே!' என்று அவள் பதறினாள். சாக்கை மதிலோரச் செடிகளுக்குள் தள்ளினாள். மேலே இலைகளைப் போட்டு மூடினாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே போய்விட்டாள்.

அது யுத்த காலம். கண்டியிலும் குண்டு வெடித்திருந்தது. சொந்தக்காரர் இல்லாமல் ஒரு பை கிடந்தாலே தெரு காலியாகிவிடும். றம்லத்துக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். வெட்கம் வந்து எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது.

காவலாளி சாக்கைக் கண்டார். மணி அடித்தது. எல்லோரையும் மைதானத்தின் மறுபக்கத்துக்கு ஓட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். பொலிஸ் ஜீப் வந்து நின்றது; ஒரு பொலிஸ்காரர் இறங்கினார்.

"இது ஆற்றை சாக்கு? ஆர் வச்சது?" என்று கேட்டார் றீற்றா டீச்சர்.

றம்லத் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பேச்சியோடதாத்தான் இருக்கும், சேர்," என்று பொலிஸ்காரரிடம் சொன்னான் ஒருவன். "அவ அப்பாதான் குப்பை அள்ளுறவர்."

பொலிஸ்காரர் பேச்சியைப் பார்த்தார். "அப்பா பேர் என்ன? அவரக் கூட்டி வரணும்."

அந்தக் காலத்தில் விசாரணைக்குப் போன தமிழர் எப்போது வீடு திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அது குழந்தைகளுக்கும் தெரியும். பேச்சி விம்மினாள். "நான் வைக்கல சேர்! எங்கப்பாவக் கூப்பிடாதீங்க!"

றம்லத்தால் தாங்க முடியவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள்.

"சேர், அது என்ட சாக்கு! பேச்சி ஒண்ணும் செய்யல்ல!"

"ஏன் ஒளிச்சு வச்ச?"

"தூக்கிட்டு வர வெக்கமா இருந்திச்சி." அதைச் சொல்லும்போது பள்ளிக்கூடமே அவளைப் பார்த்தது.

"உள்ள என்ன?"

"பால்மா டின்னும் மீன் டின்னும். மீன் டின்ன மட்டும் கழுவல்ல, சேர்."

பொலிஸ்காரர் மெல்ல மெல்லச் சாக்கின் வாயைத் திறந்தார். அடேயப்பா, என்ன நாற்றம்! தொப்பியால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் பின்னால் பாய்ந்தார். மைதானம் முழுவதும் சிரிப்பு வெடித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ர உயிரே போட்டுது, பிள்ளை!" என்றார் றீற்றா டீச்சர். திட்டிக்கொண்டே இருவரையும் அணைத்துக்கொண்டார்.

றம்லத் பேச்சியின் கையைப் பிடித்தாள். "அண்டைக்கு நானும் சிரிச்சேன். மன்னிச்சிக்க, பேச்சி."

பேச்சி கண்களைத் துடைத்தாள். பிறகு, "மொதல்ல அந்த மீன் டின்ன கழுவித் தொலைப்போம், வா," என்றாள்.

குழாயடியில் இருவரும் தேய்த்துக் கழுவினார்கள். றம்லத்தின் மூக்கு சுருங்கத்தான் செய்தது. கை மட்டும் நிற்கவில்லை.

லொறி வந்தது. ஆளுக்கொரு முனையில் சாக்கைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவே நடந்தார்கள். டின்கள் கடகடவென்று சத்தம் போட்டன. எல்லா வகுப்பு ஜன்னல்களிலும் தலைகள் முளைத்தன.

"எல்லாரும் பாக்குறாங்க. ஓரமாப் போவமா?" என்று கேட்டாள் பேச்சி.

"வேணாம்," என்ற றம்லத், சாக்கை இன்னும் பலமாகக் குலுக்கினாள். "நல்லாப் பாக்கட்டும்!"