வலப்பக்க ஃப்ரேம்

கணினித் திரையின் வலப்பக்க ஃப்ரேம் தானாக மாறியிருந்தது. மாறவே கூடாது, அதை மாறச் சொல்லும் நிரல் வரியை வித்யலதா இன்னும் எழுதவில்லை.

மங்களூரில் அவள் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசல் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுவது அவள் வேலை. வாட்ச்மேன் போஜா இடப்பக்க ஃப்ரேமில் வருகையைப் பதிந்தால், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வலப்பக்கம் காட்ட வேண்டும். சோதித்துப் பார்க்க வேறு வீடே கிடைக்காததுபோல் தன் வீட்டையே திறந்து வைத்திருப்பாள். வேலை பார்த்த மாதிரியும் ஆச்சு, வீட்டை வேவு பார்த்த மாதிரியும் ஆச்சு. இன்று கலெக்டர் மழை விடுமுறை விட்டுவிட்டதால் ஏழு வயது மகள் அன்விதா வீட்டில் தனியாக இருந்தாள். காலையிலிருந்து ‘உள்ளே: 1’. இப்போது ‘உள்ளே: 2’.

அலுவலகத் தகரக் கூரையில் மழை இரைய, மூலையில் குவிந்த குடைகளின் புழுங்கல் வாடை மூக்கில் ஏற, அவள் முதலில் சந்தேகப்பட்டது பக்கத்து நாற்காலி பிரக்யாத்தைத்தான். ஊரில் எது நடந்தாலும் அவள் முதலில் அவனைத்தான் சந்தேகப்படுவாள்.

“என் ஸ்க்ரீன்ல கை வச்சியா?”

“கையெல்லாம் பன்ஸ் தின்ன எண்ணெய், அம்மணி மாராயித்தி. நீங்க எழுதின லட்சணம் அப்படி.”

இடப்பக்கம் பார்த்தாள். காலி. யாரும் எதுவும் பதியவில்லை. வலப்பக்கத்தில் மகள் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர்.

வித்யலதா.

போஜாவுக்குப் போன் செய்தாள்.

“யாரும் வரலம்மா. நீங்க மட்டும்தான் இப்போ மேல போனீங்க, குடையில்லாம. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. இனிமேதான் பதியணும்.”

வீட்டு எண்ணை அழுத்தினாள்.

“அன்வி, கதவைத் திறந்தியா?”

“நீதானேம்மா தட்டின. ஏன் ரூம்ல இருந்துக்கிட்டு போன் பண்ற?”

“வெளிய ஓடு. போஜா மாமாகிட்ட. இப்பவே.”

ரிசீவர் மேசையில் மோதும் சத்தம். சின்னக் கால்கள். பிறகு மழை மட்டும்.

வலப்பக்கம் மின்னியது. ‘உள்ளே: 1’.

அப்பாடா. ஓடிவிட்டாள்.

‘வெளியே சென்றவர்’ பகுதியைப் பார்த்தாள். அங்கே யாருமில்லை. உள்ளே ஒரே பெயர். வித்யலதா.

யாரோ ரிசீவரை எடுத்தார்கள்.

“அவசரமில்ல,” என்றது வித்யலதாவின் குரல். “வேலைய முடிச்சிட்டே வா.”